பிரதி முதலில், பழுது பிறகு: வீட்டுச் சேவையகக் கேள்வி பதில்

சனி காலை முதல் ஞாயிறு மாலை வரை பதில் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். கொழும்பில் பதினான்கு ஆண்டுகளாகக் கணினி திருத்துகிறேன். அதில் பாதிக்கு மேல் வன்தட்டுகளோடுதான் கழிந்தது. வட்டின் மாதிரி எண், இயங்குதளம், கேட்கும் சத்தம் ஆகிய மூன்றையும் எழுதிவிட்டுக் கேளுங்கள். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்பவரின் ஊர்.

வெள்ளவத்தை: அண்ணா, பழைய கணினி ஒன்றை, வீட்டின் கோப்புகளைச் சேர்த்து வைக்கும் சேவையகமாக வைத்திருக்கிறோம். அதிலுள்ள 2 டெராபைட் வட்டு மிகவும் மெதுவாகிவிட்டது. சில படங்கள் திறக்கின்றன, சில திறக்கவில்லை. சத்தம் எதுவும் இல்லை. தொடங்கும்போதெல்லாம் விண்டோஸ் ‘வட்டைச் சரிபார்க்கவா’ என்று கேட்கிறது. அப்பா உயிரோடு இருந்த காலத்துப் படங்கள் அதில்தான் உள்ளன. சம்மதிக்கலாமா?

சம்மதிக்காதீர்கள். இதை வாசித்தவுடன் கணினியை முறைப்படி அணைத்துவிடுங்கள்.

அந்தச் சரிபார்ப்புக்கு உங்கள் அப்பாவின் படங்கள் பற்றிய கவலை கிடையாது. கோப்பு அட்டவணை முரண்பாடில்லாமல் இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதற்காக, வாசிக்க முடியாத பதிவுகளைத் துண்டித்துவிடும். நோயுற்ற வட்டின் மீது எழுதும். பழுதான பிரிவுகளையும் தேடச் சொல்லி ஓட்டினால், வட்டு முழுவதையும் மூலை விடாமல் வாசிக்க வைக்கும். இன்னும் சில மணி நேரமே ஓடக்கூடிய வட்டு என்றால், அந்த மணி நேரங்களைப் படங்களை வெளியே எடுக்கச் செலவிட வேண்டும், அட்டவணையைத் திருத்த அல்ல.

செய்ய வேண்டியது இது. அதே அளவோ பெரியதோ ஆன புதிய வட்டு ஒன்றை வாங்குங்கள். லினக்ஸ் இயங்குதளத்தை யூஎஸ்பியிலிருந்து தொடக்கி, குனு டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளால் பழைய வட்டை முழுமையாகப் புதியதன் மேல் பிரதி எடுங்கள். நலமான பகுதிகளை அது முதலில் அள்ளிக்கொள்ளும். அடம்பிடிக்கும் இடங்களைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து முயலும். எது வரை முடிந்தது என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்வதால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்தக் கோப்பை மூன்றாவதாக ஒரு யூஎஸ்பியில் வையுங்கள்.

எந்த வட்டு மூலம், எந்த வட்டு இலக்கு என்பதை வட்டின் மேல் ஒட்டியுள்ள தொடர் எண்ணோடு இரண்டு முறை ஒப்பிடுங்கள். மாறிப்போனால் வெற்று வட்டு அப்பாவின் படங்களின் மேல் எழுதப்பட்டுவிடும். அப்படி நடந்த ஒரு வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். என்னால் எதையும் மீட்டுத் தர முடியவில்லை.

கொட்டாஞ்சேனை: வட்டு தன் நலம் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் அறிக்கையில் 199ஆம் இலக்கம் ஏறிக்கொண்டே போகிறது. வட்டை மாற்றச் சொல்கிறார்கள்.

199 என்பது வட்டுக்கும் கணினியின் தாய்ப்பலகைக்கும் இடையே தரவு சிதைந்த தடவைகளின் எண்ணிக்கை. பெரும்பாலும் குற்றவாளி, இரண்டையும் இணைக்கும் சாட்டா கேபிள்தான். கடற்காற்று வீசும் வீடுகளில் இணைப்பு முனைகள் மங்கிப்போவதை அடிக்கடி பார்க்கிறேன். கேபிளை மாற்றுங்கள். ஏறிய எண்ணிக்கை இறங்காது, ஆகவே இன்றைய எண்ணைக் குறித்து வைத்து ஒரு கிழமை கழித்துப் பாருங்கள். கூடவில்லை என்றால் வட்டு நலம். பயப்பட வேண்டியவை 5, 197, 198: மாற்றி ஒதுக்கப்பட்ட பிரிவுகள், ஒதுக்கக் காத்திருப்பவை, திருத்த முடியாதவை. இவை கூடிக்கொண்டே போனால் அன்றே பிரதி எடுங்கள்.

தெகிவளை: பழுதான வட்டைக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் ஒரு இரவு வைத்தால் வேலை செய்யுமாமே?

செய்யாதீர்கள். நமது ஈரக் காற்றில் அதை வெளியே எடுத்த மறுகணமே நீர் படியும்.

வத்தளை: வெளி வட்டு ஒன்றின் உறையைப் பிரித்துக் கணினிக்குள் பொருத்தினேன். சுழலவே இல்லை. மறுபடி உறையில் இட்டால் சுழல்கிறது.

வட்டு பழுதில்லை. புதிய சாட்டா விதிப்படி மின் இணைப்பின் மூன்றாவது ஊசியில் 3.3 வோல்ட் வந்தால் வட்டு அணைந்து நிற்க வேண்டும். உங்கள் மின்வழங்கி அதை எப்போதும் அனுப்பிக்கொண்டிருக்கிறது. வட்டின் அந்த முனையை வெப்பம் தாங்கும் மெல்லிய நாடாவால் மறைக்கலாம். மோலெக்ஸ் எனும் பழைய நான்கு ஊசி மின் இணைப்பிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிளும் போடலாம், ஆனால் கம்பிகள் தனித்தனியாகச் செருகப்பட்டதாக இருக்க வேண்டும். ஒரே பிளாஸ்டிக் கட்டியாக வார்த்த மலிவானவை உள்ளே உருகித் தீப்பிடித்திருக்கின்றன.

மருதானை: ஐயா, என்னிடம் இரண்டு வட்டுகள் ரெய்ட் 1 முறையில் ஒன்றை ஒன்று பிரதிபலிக்கின்றன. பிறகு எதற்கு இன்னொரு பிரதி? வீண் செலவு இல்லையா?

இல்லை. ரெய்ட் ஒரு வட்டு சாவதைத் தாங்கும், அவ்வளவுதான். தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால் இரண்டிலும் அதே நொடியில் அழிகிறது. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற மிரட்டல் நிரல், இணையத்துக்குத் திறந்து கிடந்த கியூநாப் நிறுவனத்தின் சேமிப்புப் பெட்டிகளுக்குள் நுழைந்து கோப்புகளைப் பூட்டியது. 2021 ஜூனில் உலகெங்கும் மை புக் லைவ் என்ற வலையமைப்பு வட்டுகளை யாரோ தூரத்திலிருந்தே வெறுமையாக்கினார்கள். அங்கே எத்தனை வட்டு ரெய்டில் இருந்தாலும் பயனில்லை. திருட்டும் இடியும் பெட்டியை முழுதாகவே கொண்டுபோகும்.

இந்தப் பாடத்தை வேறு எவரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. வேறு இடத்தில் பிரதி இருந்த நூல் திரும்பி வந்தது. இல்லாதது வரவில்லை. ஓலையைக் கறையான் தின்னும் என்பதை அறிந்தவர்கள், அது சிதையுமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதினார்கள். அப்படி யாரோ இருந்து எழுதியதால்தான் சங்கப் பாட்டு நம் கைக்கு வந்தது. வட்டும் ஓலைதான். மாதம் ஒரு முறை முழு வாசிப்புச் சோதனை ஓட்டுங்கள், ஐந்தாறு ஆண்டில் புதிய வட்டுக்குப் பெயர்த்துவிடுங்கள், மூன்றாவது பிரதியை வேறொரு வீட்டில் வையுங்கள். மாதம் ஒரு முறை தங்கை வீட்டுக்குப் போகும்போது அதைப் புதுப்பித்தால் போதும்.

கிராண்ட்பாஸ்: இரவில் சேவையகத்தை அணைத்து வைக்கலாமா? மின்கட்டணம் தாங்கவில்லை.

தாராளமாக. 40 வாட் எடுக்கும் பெட்டி இருபத்துநான்கு மணி நேரமும் ஓடினால் மாதம் 29 அலகு ஆகும்.

பம்பலப்பிட்டி: இதை நான் மறுக்கிறேன். ஒவ்வொரு தொடக்கமும் மோட்டருக்குச் சுமை. தரவு மையங்களில் எவரும் வட்டை அணைப்பதில்லை.

தரவு மையத்தில் குளிரூட்டியும் மின்பிறப்பாக்கியும் உண்டு. நமது வீட்டில் இல்லை. மேசைக் கணினி வட்டுகள் பலவற்றுக்கு 50,000 தொடக்க நிறுத்தங்கள் தாங்கும் என்று உற்பத்தியாளர்களே குறிக்கிறார்கள். இரவுக்கு ஒன்று என்றால் பத்து ஆண்டில் 3,650தான். வட்டை உண்மையில் தேய்ப்பது அளவு மீறிய சிக்கனம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை, வாசித்து எழுதும் தலையை ஒதுக்கி வைக்கும்படி அமைந்த வட்டு ஒரு நாளில் 720 முறை அதைச் செய்யும். இப்படி ஒதுக்குவதற்குக் குறிக்கப்படும் 300,000 முறை என்ற வரம்பு பதினான்கு மாதங்களில் தீர்ந்துவிடும். அந்த அமைப்பைத் தளர்த்துங்கள்.

பம்பலப்பிட்டி: ஆறு ஆண்டுகள் நிற்காமல் ஓடிய என் வட்டு, ஒரே ஒரு முறை அணைத்த பிறகு எழவே இல்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நடக்கக்கூடியதுதான், நானும் பார்த்திருக்கிறேன். தேய்ந்துபோன மோட்டர் ஓட்டத்தில் தாக்குப்பிடிக்கும், நின்ற பின் எழாது. ஆனால் அணைத்ததால் அது சாகவில்லை. சாகும் நிலையில் இருந்தது அன்று வெளிப்பட்டது. நீங்கள் நிறுத்தாவிட்டாலும் மின்சாரம் நிறுத்தும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதற்கு நாடே இருண்டது. திடீரென மின்சாரம் போகும்போது, சுழலும் தட்டின் மிச்ச வேகத்தைக் கொண்டே வட்டு தன் தலையை அவசரமாக இழுத்துக்கொள்கிறது. முறையான அணைப்பைவிட இது மிகவும் முரட்டுத்தனமானது. நீண்ட காலம் நிற்காமல் ஓடிய வட்டை நிறுத்துமுன் பிரதி எடுங்கள் என்பதுதான் உங்கள் அனுபவத்திலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

கிராண்ட்பாஸ்: இடி இடித்தால் பிளக்கைக் கழற்றும் பழக்கம் எங்கள் வீட்டில் உண்டு. போதுமா?

நல்ல பழக்கம், ஆனால் பாதிதான். வலையமைப்புக் கேபிளையும் கழற்றுங்கள். ரவுட்டர் வழியாக வந்த அதிர்ச்சியில் பலகை கருகிய பெட்டிகள் என்னிடம் வந்திருக்கின்றன. சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடி வழக்கமானது, வேலைக்குப் போகுமுன் கழற்றிவிட்டுப் போங்கள்.

பம்பலப்பிட்டி: யூபிஎஸ் இருந்தால் இந்தக் கவலை எதுவும் இல்லை.

யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி கேபிளைச் சேவையகத்தில் செருகியிருக்கிறீர்களா? பலர் அதைப் பெட்டியிலிருந்து எடுப்பதே இல்லை. அது இல்லாவிட்டால் பேட்டரி தீர்ந்ததும் அதே முரட்டு அணைப்பு பத்து நிமிடம் தாமதித்து வருகிறது. கேபிளைச் செருகி, தானாக அணையும்படி அமைத்து, ஒரு நாள் சுவர் ஆளியை அணைத்துச் சோதியுங்கள். நமது வெக்கையில் ஈய அமிலப் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுக்கு மேல் நம்பத்தக்கதல்ல. இந்த விவாதத்தை இத்தோடு நிறுத்துவோம். இன்னும் பலர் காத்திருக்கிறார்கள்.

நுகேகொடை: வட்டு மெதுவாகிவிட்டது. சரிபார்ப்பு ஓட்டலாமா?

வேண்டாம். முதல் பதிலை வாசியுங்கள்.

கல்கிசை: கோப்புகள் நொடிக்கு 11 மெகாபைட்டுக்கு மேல் நகரவில்லை.

இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது. கேபிளில் ஒரு சோடிக் கம்பி அறுந்திருக்கும். மாற்றினால் 110 வரை வரும்.

கொள்ளுப்பிட்டி: ரெய்டில் புதிய வட்டைச் சேர்த்தால் மறுகட்டமைப்பு நாட்கணக்கில் ஓடி, பாதியில் வட்டு வெளியேறிவிடுகிறது.

மாதிரி எண் ஈஎஃப்ஏஎக்ஸ் என்று முடிகிறதா? 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல், தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையான சிலவற்றில் எஸ்எம்ஆர் முறை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஓடு வேய்வதுபோலத் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் முறை அது. தொடர்ந்து எழுதினால் திணறும். தடங்களை ஏற்றாமல் பக்கத்தில் பக்கத்தில் எழுதும் சிஎம்ஆர் வட்டாக மாற்றிக்கொள்ளுங்கள்.

வெள்ளவத்தை, வேறொருவர்: வட்டு டக் டக் என்று தட்டுகிறது. சரிபார்ப்பு…

வேண்டாம், வேண்டாம். தட்டுகிற வட்டுக்கு டிடிரெஸ்க்யூவும் வேண்டாம். உள்ளே தலை பழுதாகியிருக்கலாம், ஒவ்வொரு சுழற்சியும் தட்டைக் கீறக்கூடும். உடனே அணைத்து, தூசியற்ற அறை உள்ள மீட்பு நிலையத்திடம் கொடுங்கள். நானும் அதைத்தான் செய்வேன், திறக்க மாட்டேன்.

வெள்ளவத்தை, முதல் கேள்வி கேட்டவர்: அண்ணா, நேற்று மதியமே பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வட்டு வாங்கினோம். இரவு முழுதும் ஓடியது. நடுவில் மின்சாரம் ஒரு முறை போனது, விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. 99.98 வீதம் வந்திருக்கிறது என்று காட்டுகிறது. இனி என்ன செய்ய?

மிக்க மகிழ்ச்சி, தங்கச்சி. சரிபார்ப்பை இப்போதும் ஓட்டாதீர்கள். புதிய வட்டிலிருந்து படங்களை முதலில் இன்னொரு இடத்துக்கு நகலெடுங்கள். திறக்காதவை எவை என்று பட்டியலிட்ட பிறகு, புதிய வட்டின் மேல் மட்டும் சரிபார்ப்பை ஓட்டலாம். பழையதைத் தூக்கி எறிய வேண்டாம். திகதி எழுதி, உறையிலிட்டு, ஈரம் படாத அலுமாரியில் வையுங்கள். அப்பாவின் படங்களில் ஏதேனும் திறக்காவிட்டால் அந்தக் கோப்பின் பெயரை எனக்கு எழுதுங்கள், வரைபடக் கோப்பையும் அனுப்புங்கள். அந்த இடத்தை மட்டும் மறுபடி முயன்று பார்ப்போம்.