விரலில் இருக்கும் கணக்கு

வணக்கம் சார்,

பெங்களூரில் வேலை பார்க்கிறேன். ஓட்டு, நத்தம் பக்கத்தில் எங்கள் கிராமத்தில். 2024 ஏப்ரல் 19 தேர்தலுக்கு ஊருக்குப் போய்வர ஆம்னி பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து 3,200 ரூபாய் ஆனது. திண்டுக்கல் தொகுதியில் ஜெயித்தவருக்கு நாலு லட்சத்துக்கும் மேல் வித்தியாசம். நான் போகாமல் இருந்தால் அதில் ஒன்று கூடியோ குறைந்தோ இருக்கும், அவ்வளவுதானே? பொருளாதாரக் கணக்கில் இது சுத்த முட்டாள்தனம் இல்லையா? அம்மா வேறு முந்தின வாரமே போன் போட்டு, ‘எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வர்றாங்களாம்’ என்றார். இவ்வளவு தெரிந்தும் ஏன் போனேன் என்று எனக்கே புரியவில்லை. அடுத்த முறையும் போகத்தான் வேண்டுமா?

ஆர்., பெங்களூரு

அன்புள்ள ஆர்.,

உங்கள் கணக்கில் தப்பு இல்லை. 1957இலேயே ஆண்டனி டவுன்ஸ் என்ற அமெரிக்கர் இதைப் போட்டுப் பார்த்துவிட்டார். நம் ஒற்றை ஓட்டு முடிவை மாற்றும் வாய்ப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். பஸ் கட்டணமோ நிஜம். அப்படியானால் யாருமே ஓட்டுப் போடக் கூடாது. ஆனால் கோடிக்கணக்கில் போடுகிறார்கள். 1968இல் ரைக்கர், ஆர்டெஷூக் என்ற இரண்டு அரசியல் ஆய்வாளர்கள் ‘கடமை செய்த திருப்தி’ என்று ஒரு வரவைச் சேர்த்துக் கணக்கை நேராக்கினார்கள். எனக்கு அது கடைசியில் துண்டு விழும்போது ‘இதர வரவு’ என்று எழுதிச் சரிக்கட்டுகிற வேலையாகத்தான் படுகிறது.

ராஜஸ்தானில் 2008 சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் தலைவர் சி.பி. ஜோஷி ஒரே ஓட்டில் தோற்ற கதையைச் சொல்லி உங்களை மடக்கலாம். தேர்தலுக்குத் தேர்தல் எல்லோரும் சொல்வதுதான். லாட்டரியில் ஒருவருக்கு விழுந்ததைக் காட்டி டிக்கெட் விற்கிற மாதிரி இருக்கும், வேண்டாம்.

சுவிட்சர்லாந்துக்கு வாருங்கள். அங்கே ஒவ்வொரு மாநிலமாகத் தபாலில் ஓட்டுப் போடும் வசதியைக் கொண்டுவந்தார்கள். நடையும் இல்லை, வரிசையும் இல்லை, செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. உங்கள் கணக்குப்படி வாக்குப்பதிவு எகிறியிருக்க வேண்டும். பாட்ரீசியா ஃபங்க் என்ற பொருளாதார ஆய்வாளர் பார்த்தபோது அப்படி எதுவும் ஆகவில்லை. சின்ன ஊர்களில் குறையக்கூடச் செய்தது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில், சாவடிக்கு நடந்து போவதை நாலு பேர் பார்ப்பதும் ஓட்டின் ஒரு பகுதி. தபால்பெட்டியில் போட்டால் யார் பார்க்கிறார்கள்?

2006இல் அமெரிக்காவின் மிச்சிகனில் இதையே தலைகீழாகச் செய்து பார்த்தார்கள். ‘போன தேர்தல்களில் உங்கள் தெருவில் யார் யார் ஓட்டுப் போட்டார்கள், யார் போடவில்லை’ என்று பட்டியல் போட்டு வீட்டுக்குக் கடிதம் அனுப்பினார்கள். கடிதம் எதுவும் போகாத வீடுகளில் 29.7 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். இந்தக் கடிதம் போன வீடுகளில் 37.8. ஒரு தபால்தலைச் செலவில்!

நமக்குக் கடிதமே தேவையில்லை, மை இருக்கிறது. மைசூரில் தயாராகும் அந்த மை 1962 தேர்தலிலிருந்து நம் விரலில் ஏறுகிறது. ஒருவரே இரண்டு முறை போடாமல் தடுக்க வந்தது. ஆனால் ஒரு முறைகூடப் போடாதவரையும் அது காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் தெரு டீக்கடைக்காரர் தேர்தலன்று டம்ளரை நீட்டும்போதே விரலைப் பார்ப்பார். ஒரு தடவை பதினொரு மணி வரை சோம்பலாகக் கிடந்துவிட்டுப் போய் நின்றேன். ‘என்ன சார், வெறுங்கையோட வந்திருக்கீங்க?’ என்றார். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்.

அதே 2024இல் தருமபுரியில் வாக்குப்பதிவு 81 சதவீதம், மத்திய சென்னையில் சுமார் 54. வீடு மாறிப் போனவர்களின் பெயர்களும் சென்னைப் பட்டியலில் கிடந்து சதவீதத்தைக் கீழே இழுக்கின்றன என்பது உண்மை. ஆனாலும் அடுக்குமாடி லிஃப்டில் யார் யாருடைய விரலைப் பார்க்கிறார்கள்?

ஏன் போனீர்கள் என்பதற்குப் பதில் உங்கள் கடிதத்திலேயே, அம்மாவின் போனில் இருக்கிறது. 3,200 ரூபாய் கொடுத்தது வேட்பாளருக்காக இல்லை.

அடுத்த முறை செலவைக் குறைக்க வழி உண்டு. படிவம் 8 கொடுத்துப் பெயரைப் பெங்களூருக்கு மாற்றிக்கொண்டால், வாக்குச்சாவடிக்கு ஆட்டோ காசுதான் ஆகும். கொடுக்கும் முன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.