எழுத்தரின் இலத்தீனும் பெயாத்ரிஸின் குரலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வரலாற்றில் முதுகலை முடித்துவிட்டு முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறேன். 14-ஆம் நூற்றாண்டில் தென்பிரான்சில் கத்தார் மதத்தைப் பின்பற்றிய பெண்கள் என்பது தலைப்பு. கத்தார் என்பது திருச்சபை ஒடுக்கிய ஒரு கிறிஸ்தவப் பிரிவு. சூனியப் பொருட்களோடு பிடிபட்ட பெயாத்ரிஸ் என்ற பெண்ணின் வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் படித்ததிலிருந்து இந்த ஆசை. நெறியாளராக இசைந்திருக்கும் பேராசிரியர் இரண்டு ஆண்டுகள் இலத்தீன் படித்துவிட்டு வரச் சொல்கிறார். நல்ல மொழிபெயர்ப்புகள் இருக்கும்போது அது வீண் அல்லவா? உதவித்தொகைக்கு எங்கே முயலலாம்? தமிழ்நாட்டுப் பெண் இதை ஆராய்வதால் யாருக்கு என்ன பயன் என்று வீட்டில் கேட்கிறார்கள்.

அருள்மொழி

அன்புள்ள அருள்மொழி,

வீட்டார் கேள்விக்கு நீங்கள் பதில் தேடி அலைய வேண்டாம். நம் கோயில் கல்வெட்டுகளைப் படிக்க வந்த பிரெஞ்சு அறிஞர்களின் வீடுகளிலும் இதே கேள்வி எழுந்திருக்கும். உதவித்தொகை விவரங்கள் பல்கலைக்கழகத் தளங்களில் இருக்கின்றன. அவற்றைத் தாமே தேடி எடுக்காதவர் ஆவணக் காப்பகத்தில் எதைத் தேடி எடுக்கப் போகிறார்?

ஆனால் 'வீண்' என்று ஒரு சொல் எழுதியிருக்கிறீர்கள். அது என்னைச் சுட்டது, ஏனென்றால் உங்கள் வயதில் நானும் அதைச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் படித்த வாக்குமூலம், பாமியே நகரின் ஆயர் ஜாக் ஃபூர்னியே 1318 முதல் 1325 வரை நடத்திய சமய விசாரணையின் பதிவேட்டில் உள்ளது. சிஸ்டெர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்த அவர் 1334-இல் பன்னிரண்டாம் பெனடிக்ட் என்ற பெயரில் திருத்தந்தை ஆனார். பதிவேடு இன்று வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. விசாரணை மன்றம் 370 நாட்கள் கூடி, 98 வழக்குகளில் 578 முறை விசாரித்தது. சாட்சிகள் பேசியது ஒக்சிதான் என்ற தென்பிரான்சு மக்கள்மொழி. எழுத்தர் அதைக் கேட்டுக் குறிப்பெடுத்து, இலத்தீனில் அமைத்து, 'நான்' என்று சொன்னதையெல்லாம் 'அவள் சொன்னாள்' என்று மாற்றினார். பிறகு அது மக்கள்மொழியில் சாட்சிக்கு வாசித்துக் காட்டப்பட்டது. ஆகவே நீங்கள் ஆங்கிலத்தில் படிப்பது மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பு.

நான் மாணவனாக இருந்தபோது இப்படிப்பட்ட ஒரு பெண்ணின் வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பில் படித்து நாற்பது பக்கங்கள் எழுதினேன். தன் வீட்டுக்கு வந்த போதகர்களை அவள் 'பதிதர்கள்', அதாவது திருச்சபைக் கொள்கையிலிருந்து பிறழ்ந்தவர்கள், என்று குறிப்பிடுகிறாள். ஆகவே அவள் மனத்தளவில் திருச்சபையின் பக்கமே நின்றாள் என்பது என் வாதம். என் ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் இலத்தீன் மூலத்தை மேசையில் விரித்து, பென்சிலால் ஒரே சொல்லை அடுத்தடுத்து வட்டமிட்டார். ஆடு மேய்ப்பவன் வாயிலும் விதவை வாயிலும் பாதிரியார் வாயிலும் அதே சொல், அதே வாக்கிய அச்சு. அது எழுத்தரின் சொல். எங்கோ ஓரிடத்தில், அவள் பேச்சை அப்படியே பதிய நேர்ந்தபோது மட்டும், அதே போதகர்கள் 'நல்ல கிறிஸ்தவர்கள்' ஆகிவிடுகிறார்கள். என் நாற்பது பக்கங்களும் அந்த மேசையிலேயே செத்தன. மொழிபெயர்ப்பாளர் ஒரு பிழையும் செய்யவில்லை; எது வாய்பாடு, எது குரல் என்று கண்டுகொள்ளும் காது எனக்குத்தான் இல்லை.

உங்கள் தலைப்பே அந்தக் காது இல்லாததைக் காட்டுகிறது. 'கத்தார் மதம்' என்று எளிதாக எழுதிவிட்டீர்கள். மோந்தாயூ மலைக்கிராமத்தில் அந்தப் போதகர்களுக்கு ரொட்டி கொடுத்தவர்கள் தங்களைக் கத்தார்கள் என்று சொல்லிக்கொண்டதில்லை. அப்படி ஒழுங்கமைந்த ஒரு மதம் இருந்ததா என்பதே இன்று வரலாற்றாசிரியர்கள் கடுமையாக மோதிக்கொள்ளும் விஷயம்.

'சூனியப் பொருட்கள்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெயாத்ரிஸ் தே பிளானிசோலின் பையில் இருந்தவை பேரப்பிள்ளைகளின் தொப்புள்கொடிகள், சாம்பிராணி, ஒரு கண்ணாடி, துணியில் சுற்றிய சிறு கத்தி, இன்னும் சில. தொப்புள்கொடியை உடன் வைத்திருந்தால் வழக்கில் தோற்க மாட்டாய் என்று யூத மதத்திலிருந்து மாறிய ஒரு பெண் சொன்னாளாம். ஆனால் சோதித்துப் பார்க்க வழக்கு எதுவும் வரவில்லை என்கிறாள். சாம்பிராணி மகளின் தலைவலிக்கு. பிள்ளையின் தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டிய பாட்டிகளைக் கண்ட நீங்களா, அம்மா, அந்தப் பையைப் பார்த்துச் சூனியம் என்பது? சூனியம் என்பது கேட்டவர்களின் சந்தேகம். 'கேட்கப்பட்டபோது சொன்னாள்' என்று இலத்தீனில் வரும் ஒவ்வோர் இடத்திலும் நின்று, கேள்வி என்னவாக இருந்திருக்கும் என்று யோசிக்க வேண்டும். அந்தக் கேள்விகளின் முடிவில் அவள் 1321-இல் சிறைக்குப் போனாள். மறு ஆண்டு வெளியே வந்தபோது ஆடையில் மஞ்சள் சிலுவைகளைத் தைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இலத்தீன் இலக்கணத்தோடும் வேலை முடியாது. அக்கால எழுத்தர்கள் 'பி' (p) என்ற எழுத்தின் காலைக் குறுக்கே வெட்டினால் 'பெர்', மேலே கோடிட்டால் 'ப்ரே', வளைத்தால் 'ப்ரோ'. 'மினிமும்' (minimum) என்ற சொல்லை எழுதினால் பதினைந்து குறுங்கோடுகள் வரிசையாக நிற்கும்; புள்ளியிடாத ஓலைச்சுவடியை முதன்முதலில் பார்ப்பவரின் திகைப்புதான். பழகப் பழகக் கண் தானே பிரித்துக்கொள்ளும். எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. நீங்கள் என்னைவிட இளையவராகத் தொடங்குகிறீர்கள்.

பதிவேட்டின் மூலம் 1965-இல் அச்சில் வந்துவிட்டதால், கையெழுத்துக்கு முன் அதிலிருந்தே தொடங்கலாம். ஆறு மாதம் இலக்கணம் படித்துவிட்டுப் பெயாத்ரிஸின் பையைப் பற்றிய பகுதியைத் திறந்து, பத்து வரிகளை நேரே தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தைப் பார்க்க வேண்டாம். பிழைகளைத் திருத்தாமல் எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.