லீவும் சட்டை சிப்பும்

அக்காவுக்கு வணக்கம்,

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில், ஐந்தாம் மாடியில் இருக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது. ஆகஸ்ட் லீவு முடிந்து ஸ்கூல் தொடங்கின அன்று வெள்ளைச் சட்டையின் சிப் பாதியிலேயே நின்றுவிட்டது. ஜூலையில் தைத்த சட்டை. அவரும் நானும் வேலைக்குப் போகிறோம், பிள்ளையை அம்மாதான் பார்க்கிறார். லண்டனில் இருந்து வந்து நின்ற அண்ணா அவளைக் 'குண்டு' என்றே கூப்பிட்டுவிட்டுப் போனார். டிசம்பரிலும் வருகிறார்கள். அந்த லீவுக்கு முன்னர் ஒரு டயட் அட்டவணை தருவீர்களா? இரவுச் சோற்றை நிற்பாட்டலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

அட்டவணை தரப்போவதில்லை. சோற்றையும் நிற்பாட்ட வேண்டாம். உங்கள் மகள் வளர்கிற பிள்ளை. இரவில் பட்டினி போட்டால் அடுத்தநாள் பத்து மணிக்கு பிஸ்கட் டின்னைத் தேடுவாள், அவ்வளவுதான்.

2016இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, பாலர் வகுப்பில் இருந்து இரண்டாம் வகுப்பு வரை பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தது. உடற்பருமன் உள்ள பிள்ளைகள் நூற்றுக்கு 8.9இல் இருந்து 11.5 ஆகக் கூடினார்கள். கூடியது முழுக்க இடையில் வந்த இரண்டு கோடை விடுமுறைகளில். பள்ளிக்கூடம் நடந்த மாதங்களில் கூடவில்லை. அவர்களுக்கு லீவு ஒரே தொடராக இரண்டு மாதத்துக்கு மேல். நமக்கு ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் என்று துண்டு துண்டாக. அந்த எண்களை இங்கே அப்படியே ஒட்டமுடியாது. ஆனால் காரணம் பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன்.

ஸ்கூல் நாளை யோசித்துப் பாருங்கள். விடிய எழும்பி, வான் பிடித்து, ஏழரைக்கு மணி அடித்தால், இன்டர்வெல்லுக்குத்தான் சாப்பாட்டுப் பெட்டி திறக்கும். ஒன்றரை வரை வேறு எதையும் வாயில் போட வழியில்லை. பி.ரி. பாடத்தில் ஓடுவதைவிட இந்தக் கட்டுப்பாடுதான் பெரிய வேலை செய்கிறது என்பது என் எண்ணம். லீவு நாளில் என்ன நடக்கிறது? பன்னிரண்டு மணிக்குப் படுக்கை, பத்துக்கு எழும்பல், பாணும் பட்டரும். பதினொன்றுக்கு மைலோ. போனைப் பார்த்துக்கொண்டு இருக்க, அம்மம்மா பக்கத்தில் இருந்து சோற்றைக் குழைத்து ஊட்டுவார். வாய் தானாகத் திறக்கும், வயிறு நிறைந்தது பிள்ளைக்கே தெரியாது. நாலு மணிக்கு "பிள்ளை மத்தியானம் ஒண்டும் சாப்பிடேல்ல" என்று ரோல்ஸ் வரும்.

ஆகவே டிசம்பரில் நீங்கள் காப்பாற்றவேண்டியது நேரத்தை. படுக்கப் போவது ஸ்கூல் நாளைவிட ஒரு மணித்தியாலம் பிந்தினால் பரவாயில்லை, அதற்கு மேல் வேண்டாம். இந்த வயதுக்கு ஒன்பது மணித்தியாலமாவது நித்திரை தேவை. மூன்று நேரச் சாப்பாடு, இடையில் இரண்டு தரம் சின்னதாக ஏதாவது, எல்லாம் மேசையில், போன் இல்லாமல். அவளே அள்ளிச் சாப்பிடட்டும்.

அம்மாவைக் குறை சொல்லிவிடாதீர்கள். நாள் முழுக்கப் பிள்ளையோடு நிற்பவர் அவர்தான். அந்த இரண்டு இடைச் சாப்பாட்டையும் அவர் பொறுப்பிலேயே விடுங்கள். கடலை அவித்துத் தாளிக்கவும், குரக்கன் பிட்டு அவிக்கவும், கொய்யாக்காயை வெட்டி உப்பும் தூளும் போடவும் உங்களையும் என்னையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். பிஸ்கட் டின் ரீவிக்குப் பக்கத்தில் இருந்து குசினி மேல்தட்டுக்குப் போகட்டும்.

அடுத்தது குடிக்கிற சாமான். நான் கொஞ்சம் கடுமையாக இருப்பது இதில் மட்டும்தான். 2016 ஆகஸ்டில் இருந்து நம் நாட்டில் சோடாப் போத்தல்களில் நிற அடையாளம் இருக்கிறது: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2இல் இருந்து 11 வரை செம்மஞ்சள், அதற்குக் குறைந்தால் பச்சை. சிவப்பு இல்லை என்று நிம்மதியாக வாங்குகிறார்கள். 10 கிராம் இருந்தாலும் செம்மஞ்சள்தானே! அப்படி ஒரு 400 மில்லிப் போத்தலில் 40 கிராம் சீனி, அதாவது பத்துத் தேக்கரண்டி. சேர்க்கும் சீனி மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளுக்கு 1600 கலோரி எடுக்கிற பிள்ளைக்கு அது 160 கலோரி, அதாவது 40 கிராம் சீனி. அந்த ஒரே போத்தலோடு கணக்கு முடிந்தது. பெட்டி ஜூஸையும் இதே கண்ணோடு பாருங்கள். வீட்டில் தண்ணீர், வெளியில் தம்பிலி.

ஓட்டம் பற்றி: ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் உடம்பு அசையவேண்டும், ஒரே மூச்சில் என்றில்லை. ஐந்தாம் மாடியில் இருக்கிறீர்கள், இறங்கும்போதாவது லிஃப்டை விடுங்கள். வேலை முடிந்து வந்ததும் மரைன் டிரைவில் அவளோடு நடக்கலாம். சனி ஞாயிறில் காலிமுகத்திடலில் பட்டம் விட்டால் பிள்ளை தானாக ஓடுவாள். (இறால் வடை வாசத்தைத் தாண்டி வருவது உங்கள் பாடு. ஒன்று வாங்கிக் கொடுங்கள், லீவுதானே.) ரியூஷனை மட்டும் அந்த மாதத்தில் இன்னும் கூட்டாதீர்கள்.

சட்டை இறுகியதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஒன்பது வயதில் பெண் பிள்ளைகள் உயரவும் சதை வைக்கவும் தொடங்குவது வழமை. உயரத்தையும் நிறையையும் அளந்து, வயதுக்குரிய வளர்ச்சி வரைபடத்தில் ஒரு வைத்தியரைக் கொண்டு பாருங்கள். கூடியிருந்தாலும் இந்த வயதில் பெரும்பாலும் குறைக்கச் சொல்லமாட்டார்கள். நிறை அப்படியே நிற்க, உயரம் எட்டிப் பிடிக்கட்டும் என்பார்கள். நிறை ஏற ஏற உயரம் நின்றுபோயிருந்தால், அல்லது பிள்ளை எந்நேரமும் சோர்ந்திருந்தால், தாமதிக்காமல் காட்டுங்கள்.

கடைசியாக அண்ணாவின் விஷயம். அப்படிப் பெயர் வைத்துக் கூப்பிட்டால் பிள்ளை மெலியமாட்டாள், ஒளித்துச் சாப்பிடத்தான் பழகுவாள். அவர் வந்து நிற்கும்போது சொன்னால் மனஸ்தாபமாகிவிடும். இப்போதே போனில் எடுத்து, "அண்ணா, பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கோ" என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் நிற்கிற நாட்களில் எத்தனை தரம் வெளியில் சாப்பிடுவது என்பதையும் அதே போன் கோலில் பேசி முடித்தால் நல்லது.

அன்புடன்,
அக்கா