மூளை அலையும் மிச்சக் காசும்: கேள்வி பதில்

ஈ.ஈ.ஜி. (தலையில் கம்பி ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதிவது) எடுக்கிற வேலையில் இருக்கிறேன், கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன.

கேள்வி (வெள்ளவத்தை, ஏ.எல். மாணவி): அண்ணா, செயல்நினைவு என்றால் குறுகிய கால ஞாபகம்தானே? அதற்கும் மூளை அலைக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: கிட்டத்தட்ட அதுதான் தங்கச்சி, ஆனால் ஞாபகத்தில் வைத்துக்கொண்டே வேலையும் பார்க்க வேண்டும். காலி வீதி பஸ் கொண்டக்டர் நாலு பேருடைய மிச்சக் காசுக் கணக்கைத் தலையில் வைத்தபடியே டிக்கட்டும் போடுவார், நீங்கள் இறங்கியதும் உங்கள் கணக்கைத் துடைத்துவிடுவார் (சில நேரம் இறங்க முன்னமே துடைத்துவிடுவார், அது வேறு கதை). எதை எப்போது உள்ளே எடுப்பது, எப்போது துடைப்பது என்ற நிர்வாகத்தில்தான் அலைகள் வருகின்றன. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் ஏர்ல் மில்லர் குழு குரங்குகளின் மூளையின் முன்பகுதியில் பார்த்தது இது: ஒரு விஷயம் பதியும்போதும் திரும்ப எடுக்கப்படும்போதும் விநாடிக்கு 45 தடவைக்கு மேல் துடிக்கும் காமா அலை வெடித்து வெடித்து எழும்புகிறது, 20 முதல் 35 தடவை வரையான பீட்டா அலை அப்போது தணிகிறது. வேலை முடிந்ததும் பீட்டா ஏறி காமாவை அடக்கிவிடுகிறது. அதாவது பீட்டாதான் வாசல்காரன்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): ஞாபகம் இருக்கும்வரை நியூரோன்கள் (நரம்புக் கலங்கள்) விடாமல் இயங்கும் என்றுதானே படித்தோம்?

பதில்: 1971இல் வந்த குரங்கு ஆய்வுகளிலிருந்து அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பல தடவை எடுத்த பதிவுகளின் சராசரியைப் பார்த்தால் விடாமல் இயங்குவது போலத் தெரியும், ஒவ்வொரு தடவையையும் தனியாகப் பார்த்தால் விட்டு விட்டுத்தான். இடைவெளியில் நரம்பிணைப்புகளின் வலு கொஞ்ச நேரம் மாறி நின்று தகவலைத் தாங்கலாம் என்பது கருத்து. சண்டை இன்னும் ஓயவில்லை, நான் 'விட்டு விட்டு' கட்சி.

கேள்வி: பத்து இலக்கப் போன் நம்பர் எப்படி நிற்கிறது?

பதில்: 077 உங்களுக்கு மூன்று இலக்கமில்லை, ஒரே துண்டு. அப்படிக் கட்டாமல் பார்த்தால் நாலு துண்டு அளவில்தான் பிடிக்கும் என்று 2001இல் உளவியலாளர் நெல்சன் கோவன் எழுதினார்.

கேள்வி (தெஹிவளை): அம்மாவுக்கு 68 வயது, மறதி. யூடியூபில் தீட்டா அலை இசை போட்டு விடலாமா தம்பி?

பதில்: தீட்டா என்பது காமா, பீட்டாவை விட மெதுவான மூளை அலை. இசை பிடித்தால் கேட்கட்டும் அக்கா, மறதிக்கு மருந்தென்று நம்பவேண்டாம். 2019இல் பொஸ்டன் பல்கலைக்கழகத்தில் 60 முதல் 76 வயதுக்காரரின் தலையில், அவரவர் தீட்டா வேகத்துக்கு ஏற்றபடி, மெல்லிய மின்சாரம் 25 நிமிடம் கொடுத்தார்கள், செயல்நினைவு கொஞ்ச நேரத்துக்கு மேம்பட்டது உண்மை. அது ஆய்வுகூட வேலை, வீட்டில் செய்கிறதல்ல. மறதி கூடிக்கொண்டே போனால் முதலில் நரம்பியல் டொக்டரிடம் காட்டுங்கள், தைரொயிட், பி12 குறைபாட்டாலும் மறதி வரும்.