பழைய ஸ்ரீரியோ செற்றை வீட்டில் நாமே திருத்தலாமா? திருத்தப் போய்க் கெடுத்தவர்கள் இருக்கிறீர்களா?

கேள்வி கேட்டவர் தன் அப்பாவின் பழைய அம்பிளிபயரையும் இரண்டு ஸ்பீக்கரையும் வைத்துக்கொண்டு, வீடியோ பார்த்துத் தானே திருத்த யோசிக்கிறாராம். கெடுத்த கதை இருந்தால் சொல்லச் சொல்கிறார். என்னிடம் மூன்று இருக்கிறது. மூன்றும் என் கைக்காரியம்தான்.

நான் வளர்ந்தது இலங்கை வன்னியில், மல்லாவிப் பக்கம். 90களில் வன்னிக்குக் கரண்ட் இல்லை, பற்றறி அரசு தடை செய்த சாமான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பின் சில்லில் டைனமோவைச் சாத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். மற்றவர்கள் றேடியோவைச் சுற்றிக் குந்தியிருந்து பிபிசி தமிழோசை கேட்போம். இரவு 9.15க்கு. 1996இல் கொழும்பு அரசு நாட்டின் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியபோதும் எங்கள் பக்கம் பழைய நேரம்தான்.

டைனமோ தருவது 6 வோல்ற், அதுவும் ஏசி. றேடியோவுக்கு வேண்டியது டிசி. நாலு டயோட்டும், கரண்டைத் தேக்கி வைக்கிற ஒரு கப்பாசிற்றரும் போட்டு அதை மாற்றிக் கொடுத்தால் பாடும். வேகமாகச் சுற்றினால் வோல்ற் எகிறும் என்பதால் சைக்கிளின் முன் லைற்றையும் சேர்த்தே எரிய விடுவோம். மிச்சத்தை அது குடித்துக்கொள்ளும். இது கெடுத்த வேலை இல்லை, நல்ல வேலை. கெடுத்தது அதற்குப் பிறகு.

சத்தம் குறைவாக இருக்கிறது என்று ஒருநாள் அந்த நஷனல் பனசொனிக்கைத் திறந்தேன். உள்ளே சின்னச் சதுரத் தகரக் கூடுகள், தலையில் மஞ்சள், வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று நிறம் பூசிய திருகுகள். லூசாகிக் கிடக்கிறது என்று நினைத்து எல்லாவற்றையும் இரும்பு ஸ்குறூ ட்றைவரால் இறுக்கிவிட்டேன். நன்றாக இறுக்கினேன். ஒன்று நறுக்கென்று வெடித்தது. அன்றிரவு தமிழோசை இல்லை, இரைச்சல் மட்டும்தான். பெடல் சுற்றிய அப்பா ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

றேடியோ திருத்துகிற அண்ணை மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “தம்பி, இது ஆணியில்லை, சுருதி” என்றார். மஞ்சள், வெள்ளை, கறுப்பு மூன்றும் 455 கிலோஹேர்ட்ஸுக்குச் சுருதி கூட்டி வைத்த சுருள்கள். சிவப்பைத் திருகினால் டயலில் ஸ்ரேசனே இடம் மாறிவிடும். உள்ளே இருப்பது பெரைற், கரிக்கட்டை போல உடையக்கூடியது. அவர் மூங்கில் சிம்பு ஒன்றை உளி போலச் சீவி, நன்றாகக் கேட்கிற ஸ்ரேசனை விட்டுவிட்டு ஆக மெல்லிசாகக் கேட்கிற ஒன்றைப் பிடித்து, அரைக்கால் திருகு, ஒரு மூச்சு, இன்னும் அரைக்கால் என்று திருகினார். வெடித்த திருகுக்குச் செத்த றேடியோ ஒன்றிலிருந்து கழற்றிப் போட்டார்.

தடைக்காலம் எங்கள் கைக்கு ஒரு பழக்கத்தைத் தந்தது: இல்லாததற்கு இருக்கிறதை வைத்து ஓட்டு. அப்போது வேறு வழி இல்லை. பாதை திறந்து, கடை திறந்து, பிறகு போரில் எல்லாம் இழந்து, மீள்குடியேறி, வீட்டுக்குக் கரண்டும் வந்த பிறகும் என் கை அதையேதான் செய்தது.

வவுனியாவில் பழைய சாமான் கடையொன்றில் ஒரு யப்பான் அம்பிளிபயரும் எட்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டும் வாங்கினேன். (யப்பான் உள்ளூர்ச் செற் 100 வோல்ற்றுக்குச் செய்தது. நம் 230இல் நேரே குத்தினால் அத்துடன் சரி. பின்பக்கம் எழுதியிருப்பதைப் பாருங்கள். இதையாவது நான் பார்த்தேன்.) ஸ்பீக்கரில் கோனை, அதாவது அசைந்து சத்தம் தருகிற கடதாசிக் கூம்பை, சுற்றியிருக்கும் பஞ்சு வளையம் விரல் பட்டாலே தார் மாதிரி ஒட்டியது. எங்கள் வெக்கைக்கும் ஈரத்துக்கும் அந்தப் பஞ்சு உக்கிப்போகும். நான் என்ன செய்தேன்? சைக்கிள் ரியூப்பை வட்டமாக வெட்டி, பஞ்சர் ஒட்டுகிற சொலூசனால் வலது ஸ்பீக்கருக்கு ஒட்டினேன். ரியூப் பாரம், விறைப்பு. கோன் அசையவே மாட்டேன் என்றது. மிருதங்கம் தகர டப்பா ஆனது. போதாததற்கு நடுவிலுள்ள சுருள் ஒரு பக்கம் சரிந்து காந்தத்தில் உரசி, மெல்லிய பாட்டிலும் கரகர என்றது.

இடதுக்கு அளவான பஞ்சு வளையம் வருவித்துச் சரியாகச் செய்தேன். நடு மூடியைப் பிளேட்டால் மெல்லக் கிளப்பி, சுருளுக்கும் காந்தத்துக்கும் இடையில் பழைய போட்டோ நெகற்றிவ்வை வெட்டி நாலு பக்கமும் செருகினால் சுருள் நடுவில் நிற்கும். பிறகு காய்ந்தாலும் வளைகிற பசையால் வளையத்தை ஒட்டி, ஒருநாள் விட்டு நெகற்றிவ்வை உருவ வேண்டும். சூப்பர் குளூ வேண்டாம். கல்லாகிப் பிறகு வெடிக்கும்.

அம்பிளிபயர் கதைதான் வெட்கக்கேடு. ஒரு பக்கத்துப் பெரிய ரான்சிஸ்ரர் போயிருந்தது. சரியான இலக்கத்தில் புதிது வாங்கினேன். அதற்கும் சூட்டை இழுக்கிற அலுமினியத் தட்டுக்கும் நடுவில் கண்ணாடிபோல ஒரு மைக்காத் தகடு இருக்கும். ரான்சிஸ்ரரின் உலோக உடம்பிலேயே கரண்ட் ஓடுவதால் அது தட்டில் முட்டக் கூடாது. சூடு மட்டும் கடக்க வேண்டும், கரண்ட் கடக்கக் கூடாது. மைக்கா என் கையில் உடைந்தது. சிகரெட் பெட்டியின் மேலுறையை வெட்டிப் போட்டேன். இரண்டு பாட்டு அருமையாகப் பாடியது. மூன்றாவதில் உறை இளகி உடம்பு தட்டில் முட்ட, பியூஸ் போனது. புதுப் பியூஸ் வாங்கக் கடை பத்து நிமிட நடை. நான் அதே சிகரெட் பெட்டியின் சில்வர் தாளைச் சுருட்டிச் செருகினேன். வீடெல்லாம் வார்னிஷ் எரிந்த நாற்றம். ரான்ஸ்போமர் செத்துவிட்டது. ஒரு பியூஸோடு போயிருக்க வேண்டியது.

ஆகவே உங்களுக்கு: திறக்கும் முன் போனில் நாலு படம் எடுங்கள். முதல்தரம் கரண்ட் கொடுக்கும்போது 60 வாட் குண்டு பல்ப் ஒன்றை லைனில் தொடராகப் போடுங்கள் (கரண்ட் பல்ப்பைக் கடந்துதான் செற்றுக்குப் போக வேண்டும்), எல்இடி சரிவராது. பளிச்சென்று எரிந்தபடி நின்றால் உள்ளே சோட், நிறுத்துங்கள். ஒருமுறை மின்னி மங்கினால் பயமில்லை. பெரிய கப்பாசிற்றர் பிளக்கைக் கழற்றிய பிறகும் அடிக்கும். மாற்றுவதானால் அதே மைக்ரோபரட், அதே அல்லது கூடிய வோல்ற், பிளஸ் மைனஸ் மாறாமல். சத்தக் குமிழ் கரகரத்தால் மண்ணெண்ணெயோ தேங்காயெண்ணெயோ விடாதீர்கள், கொன்ராக்ற் கிளீனர் விற்கிறார்கள். 8 ஓம் ஸ்பீக்கர் மீற்றரில் 6, 7 காட்டும், அது பழுதில்லை. ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் ஒரு பென்ரோச் பற்றறியைத் தொட்டெடுத்தால் டொக் என்று கேட்க வேண்டும். வால்வு றேடியோவானால் மூடியைத் திறக்காமலே தெரிந்தவரிடம் கொடுங்கள். அதற்குள் 200 வோல்ற்றுக்கு மேல் ஓடும்.

எனக்குப் பிறகு வேறு ரான்ஸ்போமர் கிடைத்தது, அம்பிளிபயர் பாடுகிறது. வலது ஸ்பீக்கருக்கு இன்னும் சைக்கிள் ரியூப்தான். சொலூசன் கடதாசிக்குள் ஊறிவிட்டதால் கழற்றினால் கோனும் சேர்ந்து வரும். இடது கனிவாகப் பாட, வலது தடிமன் பிடித்தவர் மாதிரிக் கூடவே முனகுகிறது. அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதானாம். “உன்ரை அப்பா சுத்தினதிலை இதைவிட வடிவாக் கேட்டது” என்கிறார்.