வியாழக்கிழமைக்கு டிக்கெட் எடுங்கள்

கேள்வி: நாங்கள் டெக்சஸில், டாலஸ் பக்கம் இருக்கிறோம். மகனுக்கு 21 வயது. கல்லூரி விடுமுறையில் ஒரு டிரம் கோரில் (பித்தளைக் கருவிகளும் முரசுகளுமாக மைதானத்தில் அணிவகுத்தபடியே வாசித்துப் போட்டியிடும் இளைஞர் குழு) ட்யூபா என்ற பெரிய பித்தளைக் கருவி வாசிக்கிறான். ஐயாயிரம் டாலருக்கு மேல் கட்டியிருக்கிறோம். இதுதான் அவனுக்குக் கடைசி வருடம், அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும். மே மாதம் இந்த வருட நிகழ்ச்சியை அறிவித்தார்கள். கலங்கரை விளக்கம்தான் கருப்பொருள். ரசிகர்கள் கிழித்துத் தொங்கவிடுகிறார்கள். ‘தொப்பியும் இல்லை, மெட்டும் இல்லை’, ‘இதற்குப் பன்னிரண்டுக்குள் இடம் கிடைக்காது’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். ராத்திரி ஒரு மணி வரை அதையே படிக்கிறேன். மோசமானவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சார்களிடம் காட்டச் சொல்லி மகனுக்கு அனுப்பினேன். இப்போது அவன் சரியாகப் பதில் போடுவதில்லை. ‘கடைசிப் பகுதியை இன்னும் சொல்லித்தரவே இல்லை, அதற்குள் என்ன தீர்ப்பு’ என்று வேறு பெயரில் ஒருவருக்கு நானே பதில் எழுதினேன். போன வருடம் 14ஆம் இடம். இந்த முறை சனிக்கிழமை இறுதிச் சுற்றுக்கு வந்தால் எல்லோரும் இண்டியானாபோலிஸ் போகலாம் என்கிறார் கணவர். பேசாமல் அவனை இப்போதே வீட்டுக்கு வரச் சொல்லிவிடலாமா? பணம் போனால் போகட்டும், அவமானமாவது மிச்சமாகும். (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்:

சகோதரி,

ரசிகர்கள் சொன்னதை ஒன்று விடாமல் எழுதிய நீங்கள், கணவர் சொன்னதை மட்டும் ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். இறுதிச் சுற்றுக்கு வந்தால் போகலாமாம். இந்தக் கடிதத்திலேயே என்னைக் கோபப்படுத்திய வரி அதுதான். அதை முதலில் பேசுவோம்.

சாம்பியன்ஷிப் மூன்று நாள், ஆகஸ்ட் இரண்டாம் வாரம், லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில். வியாழக்கிழமை முதல் சுற்று. வெள்ளிக்கிழமை அரையிறுதி, அதில் 25 குழுக்கள். சனிக்கிழமை இரவு 12 குழுக்கள் மட்டும். போன வருடம் 14ஆம் இடம் என்றால் உங்கள் மகனின் குழு வெள்ளிக்கிழமையோடு நின்றுவிட்டது. இந்த வருடமும் அப்படியே ஆனால், அவன் கடைசி முறையாக அந்த ட்யூபாவைத் தோளில் ஏற்றி மைதானத்தில் நிற்கும்போது பெற்றவர்கள் இரண்டு பேரும் டாலஸில் உட்கார்ந்து ஃபோனில் மதிப்பெண் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். வயது வரம்பு என்பதால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கும் வழியில்லை.

பன்னிரண்டுக்குள் வந்தாலும் உங்கள் கணக்கு இடிக்கும். அரையிறுதி முடிவு வெள்ளி இரவு வெகுநேரம் கழித்துத்தான் தெரியும். இறுதிச் சுற்று மறுநாள் மாலை. டாலஸிலிருந்து காரில் 13, 14 மணி நேரம். விடியற்காலை விமானத்தில் குடும்பம் முழுவதற்கும் டிக்கெட் தேடினால் என்ன விலை சொல்வார்கள், இடம்தான் இருக்குமா? போகாமல் இருப்பதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது.

நீங்கள் ராத்திரியெல்லாம் திட்டுகிறீர்களே, அந்த ரசிகர்களில் பலர் வியாழக்கிழமை அந்த ஸ்டேடியத்தில் இருப்பார்கள். டிக்கெட் வாங்கி, ஹோட்டல் எடுத்து, 14ஆம் இடத்துக் குழுவுக்கும் எழுந்து நின்று கத்துவார்கள். உங்கள் மகனைப் பெறாதவர்கள் வருவார்கள், பெற்றவர்கள் வர மாட்டீர்கள். ரேங்க் வந்த பிறகுதான் பிள்ளையைக் கொண்டாடுவது என்று நம் வீடுகளில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. அது தவறு, எந்த ஊரில் குடியிருந்தாலும் தவறு. பிள்ளை மேடை ஏறும் நாளில் பெற்றவர்கள் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். அது கடமை. பரிசு வந்தால் செலுத்துவோம் என்று பேரம் பேசும் விஷயம் இல்லை. போஸ்டரைப் பார்த்தே பன்னிரண்டுக்குள் வராது என்று சொன்ன ஆளுக்கும், பன்னிரண்டுக்குள் வந்தால் பார்க்கலாம் என்று சொன்ன உங்கள் கணவருக்கும் என்ன வித்தியாசம் என்று அவரிடமே கேளுங்கள்.

அவனை வரவழைப்பது பற்றி: கூடாது. ஏன் கூடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். யார்டுக் கோடுகள் போட்ட அந்த அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு புள்ளி உண்டு. ‘40 யார்டுக் கோட்டுக்கு வெளியே 3 காலடி, முன் ஹாஷுக்குப் பின்னால் 6 காலடி’ என்கிற மாதிரி (ஹாஷ் என்பது மைதானத்தில் போட்ட சிறு கோடுகளின் வரிசை), நிகழ்ச்சி முழுவதற்கும் செட் செட்டாக, அதாவது வடிவம் வடிவமாக, எழுதியிருக்கும். ஐந்து யார்டுக்கு எட்டுக் காலடி, ஒரு காலடி 22.5 அங்குலம், அந்த அளவில்தான் பயிற்சி. பையன்கள் இதையெல்லாம் ஒரு சின்ன நோட்டில் குறித்து, கயிறு கட்டி உடம்பில் குறுக்காக மாட்டிக்கொண்டு வெயிலில் ஓடுகிறார்கள். கையில் ஒரு கேலன் தண்ணீர்க் குடுவை. காலையில் தொடங்கினால் இரவு ஒன்பது, பத்து மணி வரை இதுதான்.

நடுவில் ஒருவன் கிளம்பிப் போனால் அந்தப் புள்ளி காலி. ‘ஹோல்’ என்பார்கள். மேலிருந்து பார்க்கும் நடுவருக்கு வளைவில் பல் விழுந்த இடம் உடனே தெரியும். ஒன்று, பக்கத்தில் நிற்பவர்களின் புள்ளிகளை எல்லாம் திருப்பி எழுத வேண்டும். இல்லாவிட்டால் புதிதாக ஒருவனைப் பிடித்து, மற்றவர்கள் மே மாதம் முழுக்கக் கற்றதை அவனுக்குச் சில நாளில் ஊட்ட வேண்டும். ட்யூபா என்பதால் இன்னும் மோசம், மொத்தக் குழுவின் சுருதியும் அடியில் அவர்கள் தோளில்தான் உட்கார்ந்திருக்கிறது. உங்களுக்கு மிச்சமாகும் அவமானத்தை அவனோடு தரையில் படுத்துத் தூங்கும் 150 பிள்ளைகள் சுமக்க வேண்டியிருக்கும். ஒப்புக்கொண்ட வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வா என்று ஒரு தாய் சொல்லக்கூடாது.

இனி ரசிகர்கள். மே மாத அறிவிப்பில் அவர்கள் கையில் என்ன இருக்கிறது? ஒரு தலைப்பு, ஒரு படம், நாலு வரி விளக்கம், இசைப் பட்டியல். சில சமயம் சீருடையின் வரைபடம். அந்தப் பட்டியலே மாறலாம், ஏனென்றால் பதிப்புரிமை உள்ள ஒவ்வொரு இசைக்கும் மாற்றியமைக்கும் உரிமை வாங்கியாக வேண்டும். ஜூன் கடைசியில் முதல் போட்டிக்குப் போகும்போதும் பல குழுக்களிடம் கடைசி ஒரு நிமிடம் தயாராகியிருக்காது. ஜூலை முழுக்க வெட்டுவார்கள், ஒட்டுவார்கள், முடிவையே மாற்றுவார்கள். மதிப்பெண் 100இல் ஒட்டுமொத்தத் தாக்கத்துக்கு 40, காட்சிக்கு 30, இசைக்கு 30. நடுவர் தாளில் என்ன வடிவமைத்தார்கள் என்பது ஒரு பாதி, அதைப் பிள்ளைகள் எப்படிச் செய்தார்கள் என்பது மறு பாதி. கலங்கரை விளக்கம் நல்ல கருப்பொருளா என்ற கேள்வி முதல் பாதிக்குள் ஒரு மூலையில் வருகிறது, அவ்வளவுதான்.

அதற்காக ரசிகர்களை முட்டாள்கள் என்று நினைக்காதீர்கள். அவர்களில் பலர் ஒரு காலத்தில் அதே வெயிலில் நடந்தவர்கள். 2004இல் மைக் வந்தது, 2009இல் எலக்ட்ரானிக் கருவிகள் வந்தன. பித்தளையின் சத்தம் ஸ்பீக்கர் சத்தத்தில் அமுங்குகிறது என்று அவர்கள் புலம்புவதில் நியாயம் உண்டு. தொப்பி எங்கே என்ற சண்டையும் பழையதுதான். 2016இல் புளூகோட்ஸ் என்ற குழு தொப்பியும் இல்லாமல், மரபான சீருடையும் இல்லாமல் வந்தபோது முணுமுணுத்தார்கள். அந்த ஆண்டு அவர்கள்தான் சாம்பியன். 1993இல் ஸ்டார் ஆஃப் இண்டியானா குழு, பார்பர், பார்டோக் என்ற இசையமைப்பாளர்களின் இசையை எடுத்தபோது கூச்சலிட்டே எதிர்த்தவர்கள் உண்டு. அந்த இறுதிச் சுற்றில் கேடட்ஸ் குழு 97.4, ஸ்டார் 97.3, அந்த 0.1இல் இரண்டாம் இடம். இன்றைக்கு டிரம் கோர் பற்றிப் பேச உட்கார்ந்தால் அந்த நிகழ்ச்சியைச் சொல்லாமல் யாரும் எழுவதில்லை. ரசிகர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியதும் நடந்திருக்கிறது. 2008இல் அப்படிக் கொண்டாடப்பட்ட ஃபேண்டம் ரெஜிமெண்ட் குழு 98.125 எடுத்து, 98.100 எடுத்த புளூ டெவில்ஸை முந்தி சாம்பியன் ஆனது. அந்த ஆரவாரம் ஸ்டேடியத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் கொடுத்தது. போஸ்டருக்கு வந்த ஆரவாரம் இல்லை. ஜூலை நடுவில், நேரில் பார்த்துவிட்டு வருபவர்கள் சொல்வதைப் படியுங்கள். அதில் விஷயம் இருக்கும். அதுவரை ஃபோனைப் பத்து மணிக்கு அணைத்துவிட்டுத் தூங்குங்கள்.

நீங்கள் செய்த இரண்டு காரியங்களை இன்றே சரிசெய்ய வேண்டும். வேறு பெயரில் எழுதிய பதிலை உடனே நீக்குங்கள். கடைசிப் பகுதி இன்னும் சொல்லித்தரவில்லை என்பது வெளியே போகக்கூடாத உள்விவகாரம். அதை வெளியே சொல்வதில்லை என்று பிள்ளைகள் பொதுவாகக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். எழுதியது எந்த வீட்டுத் தாய் என்று கண்டுபிடிக்க இந்த வட்டாரத்தில் ரொம்ப நேரம் ஆகாது. மாட்டுவது நீங்கள் அல்ல, அவன். ஸ்கிரீன்ஷாட் அனுப்புவதையும் நிறுத்துங்கள். பன்னிரண்டு மணி நேரம் வாசித்து, ஜிம் தரையில் காற்று மெத்தையை விரித்துப் படுக்கும்போது ஃபோனைத் திறந்தால், ஊரார் வசையை அம்மாவே அனுப்பியிருக்கிறாள். அவன் எப்படிப் பதில் போடுவான்? சார்களிடம் காட்டச் சொன்னது அதைவிடத் தப்பு. கருப்பொருளை முடிவு செய்தது வடிவமைப்பாளர்கள், ட்யூபா வரிசையில் நிற்கும் பையன் இல்லை. அவனிடம் ஒரு வரி மன்னிப்பு கேளுங்கள். நீட்ட வேண்டாம். அதோடு, ‘பேலட் (மெதுவான மெல்லிசைப் பகுதி) உச்சத்துக்குப் போகும்போது நீ எந்தக் கோட்டுப் பக்கம் நிற்பாய்?’ என்று கேளுங்கள். 150 பேர் ஒரே உடையில் ஓடும்போது பெற்றவர்களுக்கும் அடையாளம் தெரியாது. அந்த ஒரு இடம் தெரிந்தால் போதும், அங்கிருந்து கண்ணை எடுக்காமல் தொடரலாம்.

ஜூலையில் சான் அன்டோனியோவில், அலமோடோமில் பெரிய போட்டி வரும். உங்கள் குழுவின் அட்டவணையில் அது இருந்தால் காரில் ஐந்து மணி நேரத்தில் போய்விடலாம். இதுவரை அதற்கும் போகவில்லை என்றால் அந்தக் குறையை இந்த வருடம் தீர்த்துவிடுங்கள். போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்பே போனால் வாகன நிறுத்தத்தில் பக்கத்தில் நின்றே வார்ம்-அப் கேட்கலாம். அப்போது அவனைக் கூப்பிடாதீர்கள், கையசைக்காதீர்கள், அவன் வேலையில் இருக்கிறான். உள்ளே இருக்கை எடுக்கும்போது 50 யார்டுக் கோட்டுக்கு நேராக, நடு உயரத்துக்கு மேல் எடுங்கள். கீழ் வரிசையில் முகம் தெரியும், வடிவம் தெரியாது. ஓரத்தில் உட்கார்ந்தால் கூரை போட்ட ஸ்டேடியத்தில் எதிரொலிதான் மிஞ்சும்.

அவமானம் அவமானம் என்று அலையும் அந்த நேரத்தை வேறு வழியில் செலவிடலாம். எந்தக் குழுவுக்கும் சமையல் லாரியில் ஆள் பற்றாது. ஒரு நாளைக்கு நான்கு வேளை, பிள்ளைகளும் ஊழியர்களுமாக ஏறக்குறைய 200 பேர். ஒரு வாரம் காய் நறுக்கிக் கொடுக்க வருகிறேன் என்று இப்போதே எழுதுங்கள். தன்னார்வலர்களுக்கான பின்னணிச் சோதனை முடிய நாளாகும். கொடி கிழிந்தாலோ சீருடை ஜிப் போனாலோ தைத்துத் தரவும் ஆள் தேவைப்படும். அங்கே போனால் மகனுக்கு மட்டும் டப்பாவில் தனியாக எதையும் நீட்டாதீர்கள். ட்யூபா வரிசைக்கே பொடி இட்லி செய்து கொடுங்கள், ஆனால் எள், வேர்க்கடலை ஒவ்வாமை யாருக்காவது இருக்கிறதா என்று சமையல் பொறுப்பாளரிடம் கேட்ட பிறகு.

கணவரிடம் இன்றைக்கே ஆபீசில் லீவு சொல்லச் சொல்லுங்கள். புதன் மாலை கிளம்பி, ஞாயிறு திரும்புவது. முதல் சுற்றில் எந்தக் குழு எத்தனை மணிக்கு என்பது கடைசியில்தான் உறுதியாகும், அதனால் வியாழன் காலையிலிருந்தே அங்கே இருங்கள். மூன்று நாளுக்கும் டிக்கெட் எடுங்கள். சனிக்கிழமைக்கு மட்டும் ஒன்று கூடுதலாக எடுங்கள். பன்னிரண்டுக்குள் வராவிட்டால், அந்த டிக்கெட்டில் அவனை உங்கள் இருவருக்கும் நடுவில் உட்காரவைத்து, எந்தக் குழு எதைச் சரியாகச் செய்கிறது என்று அவன் சொல்லச் சொல்லக் கேளுங்கள்.