பெல் எழுதிய காகிதங்கள்: வாசகர் கேள்வி – பதில்

தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் கடிதங்கள், ஆய்வுக் குறிப்பேடுகள் பற்றி வந்த கேள்விகளில் ஐந்துக்கும், வீட்டுப் பழைய கடிதங்களைப் பாதுகாப்பது பற்றிய ஒன்றுக்கும் இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: பெல் டெலிபோனில் முதலில் பேசிய வாக்கியம் 'ஐ வான்ட் யூ' என்று பள்ளியில் படித்தோம். இன்னோர் இடத்தில் 'ஐ வான்ட் டு ஸீ யூ' என்று இருக்கிறது. எது சரி? ஆசிட் கொட்டியதால்தான் உதவியாளரைக் கூப்பிட்டார் என்பது உண்மையா?
– வாசகர், திருநெல்வேலி

அன்றைக்கே எழுதிய காகிதம் கையில் இருக்கும்போது அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 1876 மார்ச் 10, வெள்ளிக்கிழமை. இடம் பாஸ்டன், எக்ஸிட்டர் பிளேஸ் 5-ஆம் எண் வீடு. பெல்லின் குறிப்பேட்டில் அன்றைய தேதியிட்ட பக்கம் ஒரு படத்தோடு ஆரம்பிக்கிறது. 'பி' என்பது பித்தளைக் குழாய், 'டபிள்யூ' பிளாட்டினம் கம்பி, 'எம்' வாய் வைத்துப் பேசும் பகுதி, 'எஸ்' கேட்கும் கருவியின் இரும்புத் தகடு. காலையில் செய்து சாயங்காலம் சோதித்ததாக எழுதியிருக்கிறார். உதவியாளர் வாட்சன் வேறு அறையில் இருந்தார். இரண்டு அறைக் கதவுகளும் சாத்தியிருந்தன. ஒரு காதைத் தகட்டில் அழுத்தி, மறு காதைக் கையால் பொத்திக்கொண்டார். பெல் உரக்கச் சொன்னது: 'மிஸ்டர் வாட்சன், கம் ஹியர், ஐ வான்ட் டு ஸீ யூ.' அதாவது, 'இங்கே வாருங்கள், உங்களைப் பார்க்க வேண்டும்.' வாட்சன் வந்தார், கேட்டதைத் திருப்பிச் சொன்னார்.

பாடப்புத்தகங்கள் விட்டுவிடும் பகுதி அடுத்துதான் வருகிறது. இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். வாட்சன் ஒரு புத்தகத்திலிருந்து சில வரிகள் வாசிக்க, பெல் கேட்டார். சத்தம் பெரிதாக இருந்தது, ஆனால் தெளிவில்லை, அமுங்கிக் கேட்டது என்று ஒளிக்காமல் எழுதுகிறார். பிடிபட்டவை 'டு', 'அவுட்', 'ஃபர்தர்' போன்ற ஒற்றைச் சொற்கள்தான். கடைசியில் 'நான் சொல்வது உங்களுக்குப் புரிகிறதா?' என்று வாட்சன் கேட்ட வாக்கியம் மட்டும் முழுசாக வந்தது. தகட்டை எடுத்துவிட்டால் ஒரு சத்தமும் கேட்கவில்லை என்பதையும் குறித்திருக்கிறார். ஒலி கம்பி வழியாகத்தான் வந்தது, சுவர் வழியாக அல்ல என்பதற்கு அவரே வைத்த சோதனை அது.

ஆசிட் கருவியில் இருந்தது உண்மை. அமிலம் கலந்த தண்ணீரில் கம்பியின் நுனி முங்கியிருக்கும். பேசும்போது சவ்வு அதிர்ந்து கம்பி மேலும் கீழும் அசையும். எவ்வளவு ஆழம் முங்குகிறதோ அதற்கேற்ப மின்தடை கூடிக் குறைந்து மின்னோட்டம் குரலைப் போலவே ஏறி இறங்கும். ஆனால் ஆசிட் கொட்டியதாகக் குறிப்பேட்டில் ஒரு சொல்கூடக் கிடையாது. அது வாட்சனின் சுயசரிதையில் வருகிறது. அந்நூல் வெளிவந்த ஆண்டு 1926, சம்பவம் நடந்து 50 வருஷம். திருத்திச் சொல்ல பெல்லும் இல்லை, 1922-லேயே இறந்துவிட்டார். 'ஐ வான்ட் யூ' என்ற குட்டை வடிவத்தைப் பரப்பியதில் பெல்லுக்கும் பங்கு உண்டு. 1915 ஜனவரி 25-ல் நியூயார்க்–சான்ஃபிரான்சிஸ்கோ தொலைபேசித் தடத்தைத் திறந்துவைத்தபோது அவரே அப்படித்தான் சொன்னார். மறுமுனையில் இருந்த வாட்சன், 'இப்போது வருவதானால் ஒரு வாரம் ஆகும்' என்றார்.

கேள்வி: இந்தக் குறிப்பேட்டை வீட்டிலிருந்தே பார்க்க முடியுமா? பணம் கட்ட வேண்டுமா?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

முடியும், இலவசம். வாஷிங்டனில் உள்ள லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் நூலகத்தில் பெல் குடும்பத் தாள்கள் இருக்கின்றன. பெல்லின் மருமகன் கில்பர்ட் கிராஸ்வெனர் நேஷனல் ஜியாக்ரஃபிக் சங்கத்தின் இதழுக்கு ஆசிரியராக இருந்தவர். அதனால் வெகுகாலம் அந்தச் சங்கத்தின் கட்டடத்தில் இருந்து, 1975-ல் வாரிசுகளின் கொடையாக நூலகத்துக்கு வந்தன. மொத்தம் சுமார் 1,47,700 உருப்படிகள். இணையத்தில் ஏற்றியது அதில் தேர்ந்தெடுத்த 4,695 உருப்படிகள். படங்களாக எண்ணினால் ஏறக்குறைய 51,500. ஆகவே, 'இணையத்தில் இல்லை, அதனால் அப்படி ஒரு கடிதமே இல்லை' என்று ஆய்வேட்டில் எழுதிவிட வேண்டாம்.

நூலகத்தின் தளத்தில் தொகுப்பின் பெயரைக் கொடுத்து உள்ளே போங்கள். தேடல் பெட்டி கையெழுத்தைப் படிக்காது. தலைப்பையும், தட்டச்சுப் பிரதி சேர்த்திருக்கும் தாள்களையும்தான் தேடும். குறிப்பேடுகளுக்குத் தேடலை நம்பாமல் தொகுதியைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டுவது நல்லது. தட்டச்சுப் பிரதியில் பிழை இருக்கலாம். மேற்கோள் எடுக்குமுன் படத்தோடு ஒப்பிடுங்கள். வாசிக்க ஜேபெக் கோப்பு போதும். மங்கிய பென்சில் கோட்டைப் பெரிதாக்கிப் பார்க்க டிஃப் கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தேதி இல்லாத கடிதங்களை எப்படி வரிசைப்படுத்துவது? 'அலெக்சாண்டர் பெல்' என்று போட்டால் யார் யாரோ வருகிறார்களே?
– வாசகர், கோவை

தாத்தா அலெக்சாண்டர் பெல், அப்பா அலெக்சாண்டர் மெல்வில் பெல், மகன் அலெக்சாண்டர் கிரகாம் பெல். நம்மவருக்கு 'கிரகாம்' சேர்ந்தது 11 வயதில்தான். அதனால் நடுப்பெயரையும் சேர்த்துத் தேடுங்கள், ஆண்டையும் கட்டுப்படுத்துங்கள்.

தேதிக்கு முதல் துப்பு முகவரி. பெல் சேலத்திலிருந்து, அதாவது மாசசூசெட்ஸ் சேலத்திலிருந்து, பாஸ்டன் எக்ஸிட்டர் பிளேஸுக்குக் குடிமாறியது 1876 தொடக்கம். அந்த முகவரி இருந்தால் கடிதம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. இரண்டாவது கிழமை. கிழமையும் மாதத்தேதியும் இருந்து ஆண்டு மட்டும் இல்லாவிட்டால், அந்தப் பொருத்தம் எந்தெந்த ஆண்டுகளில் விழும் என்று நாட்காட்டியில் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும். ஜனவரிக் கடிதத்தில் பழைய ஆண்டையே எழுதிவிடும் வழக்கம் அன்றும் உண்டு. 'இன்ஸ்ட்.' என்றால் இதே மாதம், 'அல்ட்.' என்றால் போன மாதம். '7 அல்ட்.' என்பதைக் கடிதத்தின் மாதமாக எடுத்துக்கொண்டு ஒரு மாதம் தப்பிப்போகிறவர்கள் அதிகம்.

கேள்வி: எலிஷா கிரேயின் கருவியை பெல் திருடினார் என்கிறார்களே, கடிதங்களில் ஆதாரம் இருக்கிறதா?
– ஓய்வுபெற்ற தொலைபேசித் துறை ஊழியர், சென்னை

கிரே, அதே காலத்தில் தொலைபேசி முயற்சியில் இருந்த இன்னோர் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர். தீர்ப்பு சொல்ல அல்ல, சந்தேகம் ஏன் தீரவில்லை என்று காட்டத்தான் ஆதாரம் இருக்கிறது.

1876 பிப்ரவரி 14 அன்று பெல்லின் காப்புரிமை விண்ணப்பமும் கிரேயின் கேவியட்டும் ஒரே நாளில் வாஷிங்டன் காப்புரிமை அலுவலகத்துக்கு வந்தன. (நம் கோர்ட்டில் போடும் கேவியட் மனு வேறு. அங்கே அது, 'இந்தக் கண்டுபிடிப்பை முடித்துக்கொண்டிருக்கிறேன்' என்று ரகசியமாகப் பதிந்துவைக்கும் அறிவிப்பு.) கிரேயின் தாளில் திரவத்தில் முங்கும் கம்பியும், குனிந்து பேசும் மனிதனின் படமும் இருந்தன. மார்ச் 7-ல் பெல்லுக்கு 1,74,465 எண் காப்புரிமை கிடைத்தது. வாஷிங்டன் போய்த் திரும்பிய கையோடு அவர் குறிப்பேட்டில் தண்ணீர்க் கருவிச் சோதனைகள் வருகின்றன. அங்கே உள்ள ஒரு படம் கிரேயின் படத்தோடு ஒத்துப்போகிறது. குறிப்பேட்டின் படங்கள் இணையத்துக்கு வந்த பிறகுதான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யார் வேண்டுமானாலும் பார்க்க முடிந்தது.

இன்னொரு கடிதம் இதைவிடக் கூர்மையானது. 1877 மார்ச் 2-ல் பெல் கிரேக்கு எழுதுகிறார்: உங்கள் கேவியட் பற்றி எனக்குத் தெரிந்தது, தண்ணீரில் கம்பி அதிர்வது சம்பந்தமானது என்பது மட்டுமே. ரகசியமாக இருக்க வேண்டிய தாளைப் பற்றி அவ்வளவுகூட எப்படித் தெரியும் என்பதே எதிர்த்தரப்பின் கேள்வி. தன் விண்ணப்பத்தில் எந்தப் பத்தி கேவியட்டோடு மோதுகிறது என்று காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் சுட்டிக்காட்டியதாக பெல் சாட்சியம் சொன்னார். அந்தப் பரிசோதகர் ஜீனாஸ் வில்பர், கேவியட்டையே காட்டியதாகவும் 100 டாலர் வாங்கியதாகவும் 1886-ல் பிரமாண வாக்குமூலம் கொடுத்தார். பெல் மறுத்தார். வில்பரோ அதற்கு முந்தின ஆண்டில் நேர்மாறாகச் சத்தியம் செய்தவர். குடிப்பழக்கத்தையும் கடனையும் தானே ஒப்புக்கொண்டவர். அவர் பேச்சை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் சாய முடியாது.

பெல்லுக்குச் சாதகமான காகிதமும் இருக்கிறது. திரவத்தால் மின்சுற்றை மாற்றும் யோசனையை, பாதரசத்தை வைத்து, 1875 பிப்ரவரி 25 தேதியிட்ட வேறொரு விண்ணப்பத்தில் அவர் எழுதியிருந்தார். ஆனால் இங்கிலாந்தில் பதிவு செய்ய கனடா அரசியல்வாதி ஜார்ஜ் பிரவுனிடம் கொடுத்தனுப்பிய பிரதியில் மின்தடை மாறும் பத்தி இல்லை. அமெரிக்க வரைவு ஒன்றில் அது ஓரத்தில் எழுதிச் சேர்த்ததாக இருக்கிறது. எப்போது சேர்த்தது என்பதில்தான் சண்டை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1888-ல் 4–3 என்ற கணக்கில் பெல் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

எங்கள் பார்வையில், கிரேயின் தாளில் என்ன இருந்தது என்று பெல்லுக்கு ஓரளவு தெரிந்திருந்தது. அதை அவர் கையெழுத்தே சொல்கிறது. டெலிபோனே கிரேயுடையது என்று அதிலிருந்து தாவுவது அதிகம். கடைக்கு வந்த டெலிபோனில் அமிலக் கிண்ணமே இல்லை. ஆசிட் நிரம்பிய பாத்திரத்தை எந்த வீட்டுச் சுவரில் மாட்டுவது?

கேள்வி: பெல்லின் குரல் பதிவு இருக்கிறதா?
– வாசகி, மதுரை

இருக்கிறது. 1885 ஏப்ரல் 15-ல் வாஷிங்டனில் பெல்லின் வோல்ட்டா ஆய்வகத்தில் அட்டையும் மெழுகுமாகச் செய்த வட்டு, இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஊசி வைத்தால் மெழுகு பெயர்ந்துவிடும். அதனால் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் ஒளியால் பள்ளங்களைப் படம்பிடித்துக் கணினியில் ஒலியாக்கி, 2013-ல் வெளியிட்டார்கள். பெரும்பகுதி எண்களும் டாலர் தொகைகளும்தான். கடைசியில் 'என் குரலைக் கேளுங்கள், அலெக்சாண்டர் கிரகாம் பெல்' என்கிறார். அது அவர் குரல்தான் என்று உறுதிப்பட உதவியது ஒரு காகிதம்: அந்த ஒலிப்பதிவின் எழுத்துப் பிரதி, அவர் கையெழுத்தோடு.

கேள்வி: என் தாத்தா தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அவருடைய கடிதங்கள், தந்தித் தாள்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. லேமினேஷன் செய்துவிடலாமா?
– வாசகர், நாகப்பட்டினம்

வேண்டாம். லேமினேஷன் சூட்டில் ஒட்டினால் பிரிக்க முடியாது, உள்ளே இருக்கும் அமிலமும் காகிதத்தைத் தின்றுகொண்டே இருக்கும். செலோடேப்பும் கூடாது. அதன் பசை ஊறி எண்ணெய்க்கறை போல மஞ்சளாகிவிடும்.

பெட்டியைக் கவிழ்க்காமல், இருக்கிற வரிசையிலேயே முதலில் போட்டோ எடுங்கள். எந்தக் கடிதம் எதோடு கட்டியிருந்தது என்பதும் செய்திதான். கையைக் கழுவி நன்றாக உலர்த்திக்கொண்டால் போதும். துணிக் கையுறை ஓரத்தில் மாட்டிக் கிழிக்கும். துருப்பிடித்த குண்டூசி, ஜெம் கிளிப்பை இழுக்காதீர்கள். மேலும் கீழும் ஓஹெச்பி ஷீட் (ஒளி ஊடுருவும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) துண்டைச் செருகி, கிளிப்பை மெல்லத் தளர்த்தி எடுங்கள். மடிப்பில் முறியும் தாளை வம்பாக விரிக்காமல் அப்படியே ஒதுக்கிவையுங்கள்.

தந்தித் தாளில் ஒட்டிய அச்சுப் பட்டைகளை உரிக்க வேண்டாம். கழன்று விழுந்திருந்தால் அதே தாளோடு மடித்த வெள்ளைக் காகிதத்துக்குள் வைத்து, எந்த வரிக்கு உரியது என்று அந்த வெள்ளைக் காகிதத்தில் பென்சிலால் எழுதுங்கள். ஸ்கேன் செய்ய 400 டிபிஐ, கலரில். மங்கிய பென்சிலுக்கு 600. வெற்றுப் பின்பக்கத்தையும் உறையையும் விடாதீர்கள். தேதியில்லாத கடிதத்துக்கு உறை மேல் உள்ள தபால் முத்திரையே தேதி. கோப்பின் பெயரை ஆண்டு-மாதம்-நாள் என்று ஆரம்பித்தால் தானாக வரிசையாகும்.

உங்கள் ஊர்க் கடற்காற்றில் ஈரம்தான் முதல் எதிரி. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். வெளிச்சுவரை ஒட்டிய பீரோவும் கூரைக்கு அடியில் உள்ள பரணும் ஆகாது. உள் அறையில், தரையிலிருந்து நாலு அங்குலமாவது உயரத்தில், அமிலமற்ற அட்டைப்பெட்டியில் வையுங்கள். ராமபாணப் பூச்சி தெரிந்தால் பாச்சை உருண்டையைத் தாள் மேல் போடாதீர்கள். கட்டுகளை ஜிப் பையில் காற்றை வெளியேற்றி மூடி, வீட்டு ஃபிரீசரில் இரண்டு வாரம் வைக்கலாம். எடுத்ததும் பையைத் திறக்க வேண்டாம். ஒரு நாள் வெளியே வைத்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள். அவசரப்பட்டால் குளிர்ந்த காகிதத்தில் நீர் கோத்து மை பரவிவிடும்.